விதை ஏன் உறங்குகிறது?



குறுவையில் அறுத்த நெல்லையே அவசரத்துக்குத் தாளடி விதையாக ஊற வைக்கிறார் ஒருவர். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் பாதிகூட முளைக்கவில்லை. "விதை செத்துப் போச்சு" என்று அதை ஒதுக்கிவிட்டு, கடையில் கிடைத்ததை வாங்கி விதைக்கிறார். பக்கத்து வயல்காரருக்கோ வேறு துயரம். அறுவடை நேரத்தில் அடைமழை பிடித்துக்கொள்ள, சாய்ந்த பயிரில் நெல்மணிகள் கதிரிலேயே முளைவிட்டு நிற்கின்றன. முளைக்க வேண்டிய விதை முளைக்கவில்லை. முளைக்கக் கூடாத விதை முளைத்துவிட்டது. இந்த இரண்டையும் விளங்கிக்கொள்ள விதை உறக்கம் என்றால் என்னவென்று தெரிய வேண்டும்.

பயிர் வளர்கிறது என்றால் அதன் உயிரணுக்கள், அதாவது செல்கள், ஒன்று இரண்டாகப் பிரிந்து, பிறகு நீண்டு பருக்கின்றன என்று பொருள். செடி முழுவதும் இப்படிப் பிரிவதில்லை. வேர் நுனி, தண்டின் நுனி, மொட்டு போன்ற சில இடங்களில்தான் முக்கியமாக இது நடக்கிறது. ஒரு செல் பிரியுமுன் தன்னுள் இருக்கும் டி.என்.ஏ. என்ற பாரம்பரியப் பொருளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பாகம் பிரிக்குமுன் பத்திரத்துக்கு நகல் எடுப்பது போலத்தான். விதை முற்றும்போது அதனுள் இருக்கும் முளைக்கருவின் செல்களில் பெரும்பாலானவை இந்த நகல் வேலையைத் தொடங்காமலேயே நின்றுவிடுகின்றன. அந்த நிலையில் உள்ள செல் உலர்வை நன்கு தாங்கும் என்று கருதப்படுகிறது. ஆகவே வேலை நின்றிருக்கிறதே தவிர உயிர் போய்விடவில்லை.

இந்த நிறுத்தம் இரு வகைப்படும். குதிரில் கிடக்கும் பழைய விதை நீருக்காக மட்டுமே காத்திருக்கிறது, நனைந்தால் முளைத்துவிடும். புதிதாக அறுத்த விதை அப்படியல்ல. நீர், காற்று, வெப்பம் எல்லாம் சரியாக இருந்தும் அசையாமல் கிடக்கும். இதைத்தான் விதை உறக்கம் என்கிறோம். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் விதையை முளைக்க விடாமல் நிறுத்தி வைக்கிறது. ஜிப்ரலின் என்ற ஹார்மோன் அதை எழுப்பிவிடுகிறது. எது ஓங்குகிறதோ அதன்படி நடக்கும். இந்த ஜிப்ரலினுக்கு வழிகாட்டியதே நம் நெற்பயிர்தான். நாற்று வெளிறி, ஒல்லியாக, அளவுக்கு மீறி உயர்ந்துவிடும் ஒரு பூசண நோயை ஆராய்ந்த குரோசாவா என்ற ஜப்பானியர், அந்தப் பூசணம் சுரக்கும் ஒரு பொருளே அதற்குக் காரணம் என்று 1926இல் காட்டினார். அந்தப் பொருள்தான் பின்னர் ஜிப்ரலின் என்று பெயர் பெற்றது.

பருத்தியில் நுனியைக் கிள்ளியதும் அதுவரை சும்மா இருந்த பக்க மொட்டுகள் கிளைப்பதும் இத்தகைய நிறுத்தம் விலகுவதால்தான். அதை வேறொரு சமயம் பேசலாம்.

நிலக்கடலையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். திண்டிவனம் 2, திண்டிவனம் 7 போன்ற கொத்து இரகங்களுக்கு உறக்கம் கிடையாது என்றே சொல்லலாம். முற்றிய பின் மழை பெய்து நிலம் ஈரமானால் மண்ணுக்குள்ளேயே காய் முளைத்துவிடும். கொடி இரகங்களின் விதைகளோ வாரக்கணக்கில் உறங்கும். எனவே கொத்து இரகம் போட்டவர்கள் "இன்னும் நாலு நாள் போகட்டும்" என்று இருக்கக் கூடாது. சில செடிகளைப் பிடுங்கி, காயை உடைத்துப் பாருங்கள். பெரும்பாலான காய்களில் ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தால் உடனே அறுவடை செய்துவிட வேண்டும்.

உறக்கத்தை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஐப்பசி மழையில் அறுவடைக்கு வரும் நெல்லுக்கு இரண்டு மூன்று வார உறக்கம் இருந்தால் அதுவே ஒரு காப்பு. மாதக்கணக்கில் நீண்டால்தான் அடுத்த விதைப்புக்கு இடைஞ்சல்.

சரி, முளைக்காத விதை உறங்குகிறதா, செத்துவிட்டதா? வீட்டிலேயே பார்க்கலாம். பொறுக்கி எடுக்காமல், கைக்கு வந்தபடி 100 விதைகளை எண்ணி எடுங்கள். ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, காயாமல் ஏழெட்டு நாள் வைத்திருங்கள். நெல்லில் 80, நிலக்கடலையில் 70 முளைத்தால் அது சான்று விதைக்குரிய முளைப்புத் திறன். முளைக்காதவற்றை விரலால் அழுத்துங்கள். கொழகொழத்து, பூசணம் பூத்திருந்தால் செத்த விதை. கெட்டியாக, சுத்தமாக இருந்தால் உறங்கும் விதையாக இருக்கலாம். நெல்லானால் அத்தகைய மணிகள் சிலவற்றின் உமியை நகத்தால் மெல்ல உரித்து, மறுபடியும் ஈரத்தில் வையுங்கள். உறங்கும் விதை பெரும்பாலும் முளைத்துவிடும். நெல்லின் உறக்கத்தில் உமிக்குப் பெரும் பங்கு உண்டு.

உறக்கம் என்று தெரிந்துவிட்டால் விதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நாள் இருந்தால் நன்கு உலர்த்தி வையுங்கள். உலர்ந்த சேமிப்பில் உறக்கம் தானாகத் தெளியும். நாள் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் வீதம் கரைத்து, ஒரு கிலோ நெல் விதைக்கு ஒரு லிட்டர் கரைசல் என்ற அளவில் 16 மணி நேரம் ஊற வைத்து, பின் நல்ல நீரில் கழுவி முளைகட்டுங்கள். முதலில் ஒரு பிடி விதையில் செய்து பார்ப்பது நல்லது. கடையில் கேட்கும்போது பெயரைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். வயலுக்குப் போடும் மியூரேட் ஆப் பொட்டாஷ் இதற்கு உதவாது. ஊற வைத்த கரைசலை ஆடு மாடுகள் குடிக்க நேர்ந்தால் ஆபத்து. அவை போக முடியாத இடத்தில் கொட்டிவிடுங்கள். அப்படி ஊற வைத்த நெல்லை உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது.