காற்றுத் திரும்பும் காலம்

யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைப்பர். தெற்கிலிருந்து வீசுவது சோழகம். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். வலையைத் தோளிலிட்டுக் கரைக்குச் செல்பவர் முதலிற் பார்ப்பது கடலையன்று, காற்றையே. வயலில் விதைக்கக் காத்திருப்பவரும் காற்றின் திசையைக் கொண்டே மழையின் வரவை மதிப்பிடுவர். ஆயினும், அதே காற்றை நெஞ்சினுள் இழுத்துவிடும்போது அதனோடு என்ன வருகின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்வியைக் கேட்பதற்கு ஏற்ற காலம் புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் காலமாகும்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, ஆவணி, புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும் வழங்கினர். இலங்கையின் வளிமண்டலவியலாளரோ ஆண்டை நான்காகப் பிரிப்பர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இவற்றின் இடையே வருபவை இரண்டு இடைப்பருவங்கள். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவத்துக்கு உரியவை. அப்போது சோழகம் ஓய்ந்துவிடும். வாடையோ இன்னும் வலுப்பெற்றிராது. பிற்பகலில் இடி இடித்து மழை பொழியும். மழையில்லாத நாள்களின் விடியற்பொழுதிலோ பனையோலைகூட அசையாது.

அந்த அசைவின்மையே கவனிக்கத்தக்கது. சோழகம் வீசும் மாதங்களில் ஊரின் புகையைக் காற்றே பெருக்கி எடுத்துச் சென்றுவிடுகின்றது. காற்று நின்றவுடன் அந்தப் பெருக்கலும் நின்றுவிடுகின்றது. அதன்மேல் இயற்கையின் வேறொரு செயலும் சேருகின்றது. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழந்து குளிர்கின்றது. நிலத்தைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர்ந்து கனமடைகின்றது. அதற்கு மேலேயுள்ள காற்றோ சற்று வெதுவெதுப்பாக இருக்கும். மேலே செல்லச் செல்லக் குளிர வேண்டிய காற்று இவ்வாறு மாறி அமைவதைப் புவியியலார் வெப்பநிலை நேர்மாறல் என்பர். பானைக்கு மூடியிட்டாற்போல, மேலுள்ள படை கீழுள்ள காற்றை எழவிடாது தடுத்துவிடுகின்றது. அந்த வேளையில் எழும் புகை வானுக்குச் செல்வதில்லை. மனிதர் மூக்கின் உயரத்திலேயே படர்ந்து கிடக்கின்றது.

அந்த வேளையில் ஊரில் நடப்பது என்ன? அதிகாலையில் எழுந்து முற்றம் கூட்டுவது பாராட்டத்தக்க பழக்கம். ஆனால் கூட்டிய சருகைக் குவித்து வேலியோரத்தில் நெருப்பு வைப்பதும் அதனோடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. முன்பு அந்தக் குவியலில் மாவிலையும் பலாவிலையுமே இருந்தன. இன்று பொலித்தீன் பையும் பிளாஸ்திக்குப் போத்தலும் அவற்றோடு சேர்ந்து எரிகின்றன. ஒரு வீட்டுப் புகை சிறிது. ஒழுங்கை நெடுகிலும் வீட்டுக்கொரு குவியல் புகையுமாயின், சூரியன் ஏறுமுன் ஊரே புகைக்குள் அமிழ்ந்துவிடுகின்றது. அவ்வேளையிலேதான் சிறார் புத்தகப் பையுடன் பாடசாலைக்குப் புறப்படுகின்றனர்.

தொய்வு நோயுள்ள ஒரு சிறுவனை எண்ணிப் பார்க்கலாம். இரவெல்லாம் அவன் நன்றாக உறங்கியிருப்பான். ஒழுங்கையின் புகையைக் கடந்து பாடசாலை வாயிலை அடையும்போது மார்பு இறுகுகின்றது. மூச்சை விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி கேட்கின்றது. காலைக் கூட்டத்தில் அவன் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால், சோம்பல் என்று நினைப்போரும் உண்டு. குளிர் பிடித்துவிட்டது என்று சொல்வோரும் உண்டு. குற்றம் அவனிடத்திலுமில்லை, குளிரினிடத்தில் மாத்திரமுமில்லை. அயலவர் வைத்த நெருப்பின் ஒரு பங்கை அவன் நெஞ்சு சுமந்துகொண்டு வந்திருக்கின்றது.

புகையிற் கண்ணுக்குத் தெரியும் பகுதி அதன் சிறுபான்மையே. பருமனான தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. 2.5 மைக்ரோமீற்றர் விட்டமும் அதற்குக் குறைந்த விட்டமும் உடைய நுண்துகள்களோ அத்தடைகளைக் கடந்து, சுவாசப்பையின் கடைசிக் காற்றறைகள்வரை சென்றுவிடுகின்றன. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதிலொரு பங்களவே அவை இருக்கும். அவற்றுள் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்க வல்லவை. ஆதலினாற்றான் மாசடைந்த காற்று நெஞ்சு நோயாளருக்கு மட்டுமன்றி, இருதய நோயாளருக்கும் பாரிசவாதத்துக்கு ஆளாகக்கூடியோருக்கும் தீங்கு செய்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு கனமீற்றர் காற்றில் இந்நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. இலங்கையில் 2008ஆம் ஆண்டு முதல் சட்டம் அனுமதிக்கும் அளவு 50 மைக்ரோகிராம் ஆகும்.

அசையாத காற்றும் மனிதர் எழுப்பிய புகையும் கூடினால் என்ன நேரும் என்பதை இலண்டன் மாநகரம் பெருவிலை கொடுத்து அறிந்தது. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி முதல் 9ஆந் திகதி வரை, நிலக்கரிப் புகை மூடுபனியோடு கலந்து அந்நகரின்மேல் நகராது நின்றது. வழக்கத்துக்கு மேலாக ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். பிற்கால ஆய்வாளர் அத்தொகை 12,000 வரை ஆகலாம் என்றனர். 1956ஆம் ஆண்டு அங்கு தூய காற்றுச் சட்டம் பிறந்தது. அந்த ஐந்து நாள்களில் இலண்டன் மக்கள் புதிதாக ஒன்றும் எரித்துவிடவில்லை. நாடோறும் எரித்ததையே எரித்தனர். காற்று மாத்திரம் நின்றுவிட்டது.

இதுவரை சொன்னது ஊரிலே பிறந்த புகை. வாடை வலுக்கத் தொடங்கியதும் கடல் கடந்து வரும் புகையொன்றும் உண்டு. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வட இந்தியாவின் பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் நெல்லை அறுவடை செய்து, கோதுமை விதைப்பதற்கு நிலத்தை விரைவில் ஒழிக்க வேண்டி, வயலில் எஞ்சிய தாளுக்குத் தீ வைக்கின்றனர். நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாபில் 2009ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் நாற்று நடுகையைப் பிந்தச் செய்தமையால், அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைப்பட்ட நாள்கள் மேலும் சுருங்கின. அந்தப் புகையும், டில்லி முதலிய நகரங்களின் வாகனப் புகையும், ஆலைப் புகையும், அடுப்புப் புகையும் கங்கைச் சமவெளியில் திரளுகின்றன. வடகீழ்க் காற்று அதன் ஒரு பகுதியை வங்காள விரிகுடாவுக்குத் தள்ளிவிடுகின்றது.

புகை அவ்வளவு தூரம் வருமா என்று ஐயுறுவோருக்கு 1999ஆம் ஆண்டு நடந்த ஆராய்ச்சி விடை கூறும். அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களில் மாலைதீவைத் தளமாகக் கொண்டு விமானங்களாலும் கப்பல்களாலும் பல நாட்டு விஞ்ஞானிகள் இந்து சமுத்திரத்தின் வானத்தை ஆராய்ந்தனர். அதனை முன்னின்று நடத்தியோருள் ஒருவர் தமிழ்நாட்டிற் பிறந்த வீரபத்திரன் இராமநாதன். ஆலையும் வாகனமும் இல்லாத நடுக்கடலின்மேலும் தெற்காசியாவிலிருந்து வந்த கபில நிறப் புகைப்படலம் பரந்து கிடப்பதை அவர்கள் கண்டனர்.

இலங்கை மக்கள் அதனை நேரிற் கண்டது 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலாகும். மண்டௌஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நகர்ந்தபோது, கடுங்குளிர்க் காற்றோடு மாசும் வந்து நாட்டை மூடியது. யாழ்ப்பாணம், வவுனியா, கண்டி, கொழும்பு ஆகிய இடங்களில் காற்றின் தரம் கேடான நிலைக்குத் தாழ்ந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. டிசெம்பர் 9ஆந் திகதி நாடு முழுவதும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்தக் குளிரைத் தாங்காது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான கால்நடைகள் இறந்தன.

அன்று பலர் அந்த மூட்டத்தைப் பனி என்றே எண்ணினர். இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அரிதன்று. பனி இலையையும் கூரையையும் நனைக்கும்; சூரியன் ஏறினால் கரைந்துவிடும். மாசுப் படலமோ வறண்டது, நண்பகலிலும் நீங்காது, சூரியனை மங்கிய செம்மஞ்சள் வட்டமாகக் காட்டும், தொண்டையில் கரகரப்பையும் கண்ணில் எரிவையும் உண்டாக்கும். பதினொரு மணிக்கும் தூரத்துப் பனைகள் தெளிவாகத் தோன்றவில்லையாயின், அது பனியன்று என்று கொள்க.

கண்ணை மட்டும் நம்ப வேண்டியதுமில்லை. காற்றின் தரத்தை ஒரே எண்ணாற் காட்டும் வளித்தரச் சுட்டெண் இன்று நாடோறும் அறியக்கூடியதாக உள்ளது. பரவலாக வழங்கும் அளவுகோலின்படி, 50 வரை நன்று. 51 முதல் 100 வரை இடைத்தரம். 101 முதல் 150 வரை நோயாளர், முதியோர், சிறார், கருவுற்ற தாய்மார் ஆகியோருக்குக் கேடு. 151 முதல் 200 வரை யாவருக்கும் கேடு. 201 முதல் 300 வரை மிகுந்த கேடு. அதற்கு மேற்பட்டது அபாயம். மழைச் செய்தியைக் கேட்பதுபோல இந்த எண்ணையும் கேட்கப் பழகுதல் நன்று.

எண் உயரும் நாளிற் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, உடல் முயற்சியைக் குறைத்தல். ஓய்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லீற்றர் காற்றை உட்கொள்கின்றார். கடுமையாக ஓடுபவரோ அதிற் பத்து மடங்குவரை இழுக்கின்றார். காற்றிலுள்ள மாசும் அதே கணக்கில் உட்புகும். ஆகவே சுட்டெண் 100ஐத் தாண்டிய நாளில் தொய்வு உள்ள பிள்ளைகளை ஓட்டப் பயிற்சியிலிருந்து விலக்குவதும், 150ஐத் தாண்டிய நாளில் மைதானத்தில் நடக்கும் கடும் பயிற்சியையே ஒத்திவைப்பதும் முறையாகும். ஊர்ப்புகை மிகுந்த பருவத்தில் நேரத்தை மாற்றுவதும் உதவும். விடியற்காலையில் நடை பயில்வோர், வெயில் சற்று ஏறி நிலம் சூடாகிக் காற்று எழத் தொடங்கியபின் நடக்கலாம். கடல் கடந்து வந்த மாசுக்கோ நேரமாற்றம் அதிகம் பயன்படாது. அது பகல் முழுவதும் நிற்கும்.

கைக்குட்டையை மூக்கிற் கட்டுவதால் நுண்துகள் நிற்பதில்லை. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 வகை முகக்கவசமே பயன்தரும். கதவு யன்னல்களைச் சாத்தி வீட்டினுள் இருத்தல் பொதுவாக நல்ல ஆலோசனைதான். ஆனால் வீட்டினுள் விறகடுப்பு எரியுமாயின், நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் புகையுமாயின், வெளிக்காற்றிலும் உட்காற்றே தீயதாகிவிடும். அடுப்படியில் நாளைக் கழிக்கும் தாய்மாரையும் அவர்தம் மடியிலுள்ள குழந்தையையும் இவ்வாலோசனை மறத்தலாகாது. அடுப்புக்குப் புகைபோக்கியும் சமையலறைக்குக் காற்றோட்டமும் ஆண்டு முழுவதும் வேண்டப்படுவன.

தொய்வு உள்ளோர் வைத்தியர் கொடுத்த உள்ளிழுக்கும் மருந்தைச் சுகமாயிருக்கும் நாளிலும் நிறுத்தாது பயன்படுத்துதல் வேண்டும். அவசரத்துக்கு உரிய மருந்து பிள்ளையின் பையிலேயே இருத்தல் வேண்டும். அது இருக்குமிடம் வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். மூச்சு வாங்குதலால் ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமை, விலா எலும்புகளிடையே தசை உள்வாங்குதல், உதடு நீலம் பூத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கஷாயம் காய்ச்சிக் காத்திருக்கும் வேளை அதுவன்று.

கடல் கடந்து வரும் புகையை ஓர் ஊரார் தடுக்க இயலாது; அதிலிருந்து ஒதுங்கியிருக்கவே இயலும். வேலியோரப் புகையோ அத்தகையதன்று. அதனை மூட்டிய கையாலேயே அணைத்துவிடலாம். யாழ்ப்பாணத்து முன்னோர் பனையோலையையும் பச்சிலையையும் தோட்ட மண்ணிலே தாழ்த்துப் பசளையாக்கியவர்கள். சருகு அவர்களுக்குக் குப்பையாக இருக்கவில்லை. அடுத்த பயிரின் உணவாக இருந்தது. வளவின் மூலையில் ஒரு கிடங்கு வெட்டிச் சருகை அதிற் சேர்த்து, வரும் மாரி மழையில் உக்கவிட்டால், தை பிறக்கும்போது கத்தரிக்கும் மிளகாய்க்கும் பசளை ஆயத்தமாகிவிடும். பொலித்தீனையும் பிளாஸ்திக்கையும் பிரித்து வைத்து, அவற்றைச் சேகரிக்க வருவோரிடம் கொடுத்துவிடலாம்.

சோழகம் ஓய்ந்து வாடை பிறக்கும் இந்தச் சில கிழமைகளில் ஊரின் காற்று ஊராரின் கையிலேயே விடப்பட்டிருக்கின்றது. ஒழுங்கையிலுள்ள வீட்டார் யாவரும் விடியற்காலை நெருப்பை நிறுத்துவராயின், மறுநாட் காலையில் அந்தச் சிறுவன் இளைப்பின்றி நடந்து சென்று காலைக் கூட்டத்தில் மற்றவரோடு நிமிர்ந்து நிற்பான்.