சுவரில் சிறைப்பட்ட பணம்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

அண்மைக் காலமாக நம் இல்லங்களில் ஒரு வழக்கம் நுழைந்து வருகிறது. புதுவீடு குடிபுகுவோர் புத்தம்புதிய ரூபாய்த் தாள்களைப் பூவாகவும் மயிலாகவும் மடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டி, வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். (மயில் உருவம் என்பது தனி மஸ்அலா, அதற்குள் இன்று செல்லவில்லை.) நாணயங்களை மேசைப் பலகையில் பரப்பி, மேலே பசை ஊற்றி உறையவைப்போரும் உண்டு. மாப்பிள்ளைக்குப் போட்ட நோட்டு மாலை ஆண்டுக்கணக்கில் ஷோகேஸில் தொங்குகிறது. "எங்கள் பணம், எங்கள் சுவர்; இதில் என்ன குற்றம்?" என்று கேட்கிறார்கள்.

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதற்கு 'இஹ்யா'வில் விடை தந்துள்ளார்கள். பொன் நாணயமும் வெள்ளி நாணயமும் தம்மளவில் எதற்கும் பயன்படாதவை. கைமாறி, பொருள்களின் மதிப்பை அளந்து காட்டவே படைக்கப்பட்டவை. அவற்றைப் பதுக்குபவன் ஊரின் நீதிபதியைச் சிறையிலடைத்தவனைப் போன்றவன். அவற்றை உருக்கிப் பாத்திரம் செய்பவனோ அவனிலும் மோசமானவன். நீதிபதியைத் தெருக்கூட்ட ஏவியவனைப் போன்றவன். ஏனெனில் பாத்திரத்தின் வேலையை மண்ணும் செம்பும் செய்துவிடும். நாணயத்தின் வேலையை அவை செய்யா. சுவருக்கு அழகு தர வண்ணத்தாள் போதாதா?

நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் தொங்கவிட்டிருந்த திரையைக் கண்டு முகம் மாறி, அதை இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்றார்கள். இது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. திரைத்துணிக்கே இந்தக் கண்டிப்பு! நம் பல்லடத்து விசைத்தறிக் கூடங்களில் வாரக்கூலியை எதிர்பார்த்து நிற்பவர் அண்டைவீட்டில் இருக்க, அதே கூலித் தாள்கள் சுவரில் பூவாய் மலர்ந்திருக்கின்றன.

கோவை காட்டூரில் உள்ள ஓர் ஆலயத்தில் சித்திரை முதல் நாளன்று கோடிக்கணக்கான ரூபாய்த் தாள்களால் அலங்காரம் செய்கிறார்கள். அது அவர்களின் வழிபாடு. அதைப் பேசுவது நம் வேலையன்று. ஆயினும் விழா முடிந்ததும் அத்தாள்கள் கொடுத்தவர்களிடமே திரும்பிவிடுகின்றன. நம் வீட்டில் பசையில் உறைந்தது திரும்புவதில்லை.

நாட்டின் நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். மாலைக்கும் பந்தல் அலங்காரத்துக்கும் ரூபாய்த் தாள்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி வேண்டியிருக்கிறது. நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2016 நவம்பர் 8 இரவில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதென அறிவிக்கப்பட்டதே! அலங்காரமாக வைத்து மறந்தவர்களுக்கு மிஞ்சியது வெறும் காகிதம்தான்.

மற்றொன்று, பலர் கவனிக்காதது: ஜகாத். வீட்டுச் சாமான்களுக்கு ஜகாத் இல்லை என்பது சரியே. சட்டத்திலிருக்கும் நோட்டு கடையில் செல்லுமாயின் அது சாமானன்று, பணமே. நிஸாபுள்ளவர் ஆண்டுக் கணக்கில் அதையும் எண்ணி, இரண்டரை விழுக்காடு கொடுக்க வேண்டும்.

ரமளானுக்கு முன் சட்டத்தைப் பிரித்து, மாலையின் ஊசிகளை நிதானமாகக் கழற்றி எடுங்கள். பசை பட்ட தாள்களை வங்கியில் கொடுத்துக் கேளுங்கள். வேண்டுமென்றே வெட்டிய தாள்களை மறுக்க விதி இடமளிக்கிறது.