குற்றவியற் கல்வியும் அதற்குரிய உத்தியோகங்களும்

கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும் பெருவழியில் வாளையாறு இருக்கிறது. அந்த எல்லையைக் கடந்து சென்று, பிழைப்பின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தவுடன் மேலே என்ன படிப்பது என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. மருத்துவம், பொறியியல், சட்டம் என்ற பெயர்கள் உடனே நாவில் வருகின்றன. குற்றவியல் என்ற பெயரை எடுப்பவர் அரியர். அக்கல்வியைப் பற்றிச் சில செய்திகளை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

குற்றவியல் என்பது சட்டக் கல்வி அன்று. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சட்டம் கூறும். மனிதன் ஏன் குற்றம் செய்கிறான், அதைத் தடுப்பது எவ்வாறு, செய்தவனைத் திருத்துவது எங்ஙனம், துன்புற்றவருக்கு ஆறுதல் யாது என்று குற்றவியல் ஆராயும். ஆகவே உளவியலும் சமூகவியலும் சட்டமும் அதில் ஒருங்கே இடம்பெறுகின்றன. 1764-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பெக்காரியா, சித்திரவதையைக் கண்டித்து நூல் எழுதினார். தண்டனையின் கொடுமையைவிட, அது தவறாமல் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்றார். 1876-இல் லொம்பிரோசோ என்பவர், குற்றவாளி பிறவியிலேயே குற்றவாளி என்றும் உடலமைப்பே அதைக் காட்டும் என்றும் எழுதினார். அக்கொள்கை தவறென்று பின்னர் கைவிடப்பட்டது.

பிறப்பினால் குற்றவாளி என்ற எண்ணம் எத்தகைய தீங்கு விளைக்கும் என்பதைத் தமிழர் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று. ஒரு கல்வி நேர்மையாக நடைபெறாவிடில் ஓர் ஊரே அதன் விலையைக் கொடுக்க நேரும் என்பதற்கு இது சான்று.

வாளையாற்றிலிருந்தே மற்றொரு சான்று கூறலாம். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இரண்டு மாதங்களுக்குள் அவ்வட்டாரத்தில் இரு சிறுமியர் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். குற்றஞ்சாட்டப்பட்டோரை 2019-இல் பாலக்காட்டு நீதிமன்றம் விடுவித்தது. 2021 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அத்தீர்ப்புகளை நீக்கி மறுவிசாரணைக்குக் கட்டளையிட்டது. தொடக்கப் புலன்விசாரணையின் குறைகளையும் கண்டித்தது. யார் குற்றவாளி என்று கூறுவது நம் பணி அன்று. முதல் சில நாட்களில் தடயத்தைக் காப்பதும், குழந்தைகளின் துயரத்தை உணர்ந்து கேட்பதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை என்பதையே இங்கே வற்புறுத்துகிறோம்.

இனி, எங்கே படிப்பது? 1959-இல் மத்தியப் பிரதேசத்துச் சாகர் பல்கலைக் கழகத்தில் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் துறை தொடங்கப் பெற்றது. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக் கழகமும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகமும் குற்றவியல் கற்பிக்கின்றன. காந்திநகரில் இருந்த தடய அறிவியற் பல்கலைக் கழகம் 2020-இல் தேசியப் பல்கலைக் கழகம் ஆயிற்று. குற்றவியலில் முதுகலை பயில எந்தப் பாடத்துப் பட்டமும் பெரும்பாலும் போதும். தடய அறிவியலுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற அறிவியற் பட்டம் வேண்டும். இவ்வேறுபாட்டை முன்னரே அறியாமல் சேர்ந்து பின்னர் வருந்துவோர் உண்டு.

உத்தியோகங்கள் பல வகை. முதலாவது, தடய அறிவியற் கூடங்கள். 1991-இல் ராஜீவ் காந்தி கொலையுண்டபோது, சிதறிய துணுக்குகளைக் கொண்டு வெடிகுண்டு இடையில் கட்டப்பட்டிருந்ததைத் தெளிவாக்கியவர், தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் இயக்குநராயிருந்த சந்திரசேகரன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நேரில் வரவேண்டும் என்கிறது. அதை நிறைவேற்ற மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை தவணை உண்டு. ஆதலின் இத்துறையில் ஆள் தேவை பெருகும்.

இரண்டாவது, திருத்தப் பணி. வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்த கோயமுத்தூர்ச் சிறை வாளையாற்றிற்கு அண்மையதே. சிறை வதைக்கும் இடம் என்ற அக்காலக் கருத்து மெல்ல மாறிற்று. 1958-இல் நன்னடத்தைச் சட்டம் வந்தது. 1962-இல் கேரளத்து நெட்டுகால்தேரியில் திறந்தவெளிச் சிறை தோன்றிற்று. வேலூரில் 1979 முதல் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சிக் கழகம் நடைபெறுகிறது. நன்னடத்தை அலுவலர், சிறை நல அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஆகிய பணிகளுக்கு இக்கல்வி துணைபுரியும். மூன்றாவது, கணினி வழி மோசடிகளை ஆராயும் பணி. வங்கிகளும் இத்தகையோரை நாடுகின்றன.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. குற்றவியற் பட்டம் பெற்றவுடன் போலீஸ் அதிகாரி ஆகிவிட முடியாது. அதற்குரிய தேர்வெழுதி, உடற் சோதனையிலும் தேற வேண்டும். கல்லூரியில் பணம் கட்டுமுன், பட்டம் பல்கலைக் கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உடையதா என்று விசாரிக்க வேண்டும். வேற்று மாநிலத்தில் வாழ்வோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியல் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். ஒரு மாநிலத்துச் சான்றிதழைக் கொண்டு, குடியேறிய மாநிலத்து அரசுப் பணியில் ஒதுக்கீடு கேட்க இயலாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை முன்னரே அறிந்து, எந்த மாநிலத்துத் தேர்வை எழுதுவது என்று முடிவு செய்தல் நலம்.

எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு ஒரு செல்வம் இயல்பாகவே வாய்த்திருக்கிறது. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசி வளர்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் அஞ்சி நிற்கும் ஏழைத் தொழிலாளியின் வாக்குமூலத்தை, அவனுடைய சொல்லிலேயே கேட்டு எழுதக்கூடியவர்கள் அவர்களே. அத்தகைய ஒருவர் காவல் நிலையத்திலோ, நீதிமன்றத்திலோ, சிறையிலோ இருப்பாராயின், நியாயம் பேச்சின்றித் தோற்காது. தமிழ்ப் பெற்றோர் இக்கல்வியையும் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பார்களாக.