முன்னறிவும் முன்னியமனமும்

நாளை நிகழப்போவதைக் கடவுள் இன்றே அறிவார் எனின், அதனை மாற்ற மனிதனால் இயலுமா? இயலாதெனின், அவன் புரியும் பாவத்துக்கு அவனையே பொறுப்பாளியாக்குதல் எங்ஙனம் நீதியாகும்? கிறித்துவ உலகை நெடுங்காலம் பிரித்துவைத்த வினா இது. இரட்சிப்புக்குரியோரைக் கடவுள் தம் சித்தப்படியே அநாதியில் தெரிந்துகொண்டார் என்றார் கல்வின். விசுவாசிப்போர் இன்னாரென முன்னறிந்தே தெரிந்துகொண்டார் என்றனர் ஆர்மீனியசின் வழிவந்தோர். நேயர்களே, இவ்வழக்கு இரு நண்பரிடையே புகுந்த கதையைக் கூற விழைகின்றேன்.

1739ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரையடுத்த கிங்ஸ்வூட்டிலே, நிலக்கரித் தொழிலாளருக்கு வெட்டவெளியில் நின்று பிரசங்கித்தார் ஜோர்ஜ் விற்பீல்ட். அப்பணியைத் தொடரும்படி, தம்மினும் பதினோர் ஆண்டு மூத்தவரான ஜோன் வெஸ்லியை அழைத்தார். வெஸ்லி வந்தார், வந்த சில வாரங்களில் முன்னியமனக் கோட்பாட்டை மறுத்தே பிரசங்கித்தார். அதனை அச்சிடலாமா என்றறியச் சீட்டும் போட்டுப் பார்த்தார். முன்னியமனத்தை மறுப்பவர் சீட்டை நம்பியது சற்றே வியப்புக்குரியதுதான்.

தெரிந்துகொள்ளப்பட்டோர் எப்படியும் பிழைப்பர், ஏனையோர் எப்படியும் கெடுவர் எனின் பிரசங்கம் வீண் என்றார் வெஸ்லி. அதனினும் மேலாக, அன்பே உருவான கடவுளை இப்போதனை கொடியவராக்குகின்றது என்றார். 1740 டிசம்பர் 24ஆந் திகதி, அமெரிக்காவின் ஜோர்ஜியாவிலிருந்து விற்பீல்ட் மறுமொழி வரைந்தார். தெரிந்துகொள்ளப்பட்டவர் எவரென நாம் அறியோம். ஆதலால் எல்லோருக்கும் பிரசங்கித்தல் வேண்டும். முடிவை நியமித்தவரே அதற்கு வழியாகப் பிரசங்கத்தையும் நியமித்தார் என்பது அவர் விடை. முதல் வாதத்துக்கு இது தக்க விடையே. இரண்டாவதற்கு, யாவரும் தண்டனைக்குரியோராகையால் சிலரையேனும் மீட்பது கருணையே என்றார். அது அறிவை அடக்குமேயன்றி உள்ளத்தை ஆற்றாதென்பது என் எண்ணம்.

1741இல் இருவரும் பிரிந்தனர். சில காலத்தின் பின் நட்பு மீண்டது, கருத்து மாறவில்லை. (1814இல் நம் யாழ்ப்பாணம் வந்த மிஷனார் வெஸ்லியின் வழியினர், 1816இல் வந்த அமெரிக்க மிஷனாரோ கல்வினின் மரபில் வந்தோர்.)

1770 செப்டெம்பர் 30இல் விற்பீல்ட் அமெரிக்காவிலே காலமானார். தமக்குரிய இரங்கற் பிரசங்கத்தை வெஸ்லியே நிகழ்த்தவேண்டுமென்பது அவர் விருப்பம். நவம்பர் 18இல் லண்டனில் வெஸ்லி அதனை நிறைவேற்றினார். மனிதன் ஆவியிற் புதிதாய்ப் பிறத்தலையும், விசுவாசத்தால் நீதிமானாதலையும் நண்பருடைய போதனையின் மூலங்களெனப் போற்றினார். தெரிந்துகொள்ளுதலை அவற்றோடு சேர்க்கவில்லை. விற்பீல்டின் கொள்கையைச் சார்ந்தோர் சிலர் அதற்காக வெஸ்லிமீது சினந்தனர்.