எந்தப் பங்கு, பிள்ளை?

கனடாவில் உங்களுக்குப் பின்னேரத் தேநீர் நேரம், இங்கே டென்மார்க்கில் இரவு ஒன்பது மணி. கத்தோலிக்கராக வளர்ந்தவர்களோடு விசுவாசம் பற்றிப் பேசுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நான் இறையியல் படித்தவள் அல்ல. தாதியர் டிப்ளோமா மட்டும்தான். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் தென்னிந்தியத் திருச்சபையில், பழைய அமெரிக்க மிஷன் வழியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் விசுவாசத்துக்கு ஒரு திகதி இருக்கும். "நீ எப்ப இயேசுவை ஏற்றுக்கொண்டாய்?" என்று கேட்பார்கள். அம்மம்மாவிடம் திகதியோடு அன்று பிரசங்கித்தவர் பெயரும் இருந்தது. இங்கே வந்தும் கத்தோலிக்கத் தமிழரிடம் அதையே கேட்டேன். "நாங்கள் பிறப்பிலேயே வேதம்தானே" என்பார்கள், பேச்சு நின்றுவிடும். அதை ஒரு குறைவான பதிலாகவே எடுத்துக்கொண்டேன். அவர்களுக்குப் பூசை, எங்களுக்கு ஆராதனை. அவர்களுக்குச் செபம், எங்களுக்கு ஜெபம். ஒரே ஊரில் இரண்டு தமிழ்!

எங்கள் இல்லத்துக்கு ஒரு பாசையூர் அன்ரி வந்தார். மறதிநோய். முப்பது வருடம் பேசிய டேனிஷ் மறந்துபோய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. முதல் இரவே கேட்டார்:

"எந்தப் பங்கு, பிள்ளை?"

"நான் மிஷன், அன்ரி."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப உங்களுக்கு மாதா இல்லையே?"

அதில் குற்றச்சாட்டு இல்லை. தாயில்லாப் பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல். பிறகு ஜூன் 13, அந்தோனியார் பெருநாள், கொடியேற்றம், கூத்து, கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பி. அதற்குப் பிறகு ஒரு வருடம் கோயிலுக்குப் போகவில்லையாம். அயல் பெண்கள் அவருடைய குசினிக்கே வந்து இருந்து செபமாலை சொன்னார்களாம்.

அன்றிரவு அவர் செபமாலையை எடுத்தார். மங்கள வார்த்தைச் செபத்தில் ஒருவர் முற்பாதி சொல்ல, மற்றவர் பிற்பாதி சொல்ல வேண்டும். அவர் முற்பாதியைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பிற்பாதி தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அப்படித்தான் வளர்ந்தேன். காத்திருந்து பார்த்துவிட்டு இரண்டு பாதியையும் தானே சொன்னார், ஐம்பத்துமூன்று மணிக்கும்.

எனக்கு யோசே வாஸ் அடிகளின் நினைவு வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், என்னைப் போன்ற புரட்டஸ்தாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர் அவர். பிச்சைக்காரர் வேடத்தில் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போனார் என்பார்கள். யாரிடமும் விசுவாசம் பற்றிக் கேட்கவில்லை. மாலையைக் கண்டு முகம் மாறிய வீடுகளை அவர் கண்டுகொண்டார். 2015இல் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. டென்மார்க்கும் ஒன்றும் குறைந்ததில்லை. 1849 அரசியலமைப்புக்கு முன்பு கத்தோலிக்கருக்கு இங்கே வழிபாட்டுச் சுதந்திரம் இருக்கவில்லை. தரங்கம்பாடிக்கு லுத்தரன் மிஷனரிமாரை அனுப்பியதும் இந்த நாட்டு அரசர்தான்.

அன்ரியின் மகள் இங்கே வளர்ந்தவர், கோயிலுக்குப் போவதில்லை. நம்புகிறீர்களா என்று இந்தமுறை நான் கேட்கவில்லை. "ஒக்டோபர் மாதத்தில் வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். முழங்கால் நொந்தது, தம்பி நித்திரையாகி விழுந்தது, அப்பா அதட்டியது. "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை அக்கா" என்று டேனிஷில் சொல்லிவிட்டு, பிற்பாதியை ஒரு சொல் பிழையில்லாமல் தமிழில் எனக்கு எழுதித் தந்தார்.

அடுத்த இரவு நான் பதில் சொன்னேன். அன்ரி திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த மணிக்குப் போனார்.

நீ மாதாவிடம் ஜெபித்தாயா என்று என் சபையில் ஒருவர் கேட்டார். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நானும் லேசாக எடுக்கவில்லை. உங்களில் போதகர்கள் இருந்தால் சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாக. பதினொரு மணிக்கு எனக்கு இரவு வேலை, அன்ரி விழித்திருப்பார்.