தலைக்கு மேலே உருகும் இரும்பு

மழை ஓய்ந்தபின் ஓட்டுக் கூரையின் விளிம்பைப் பாருங்கள். சிறு துளி தொங்கிக்கொண்டிருக்கும். நீர் சேர்ந்து பருத்தால் விழுந்துவிடும். அண்ணாந்து நின்று இரும்பைப் பற்றவைக்கும் தொழிலாளியின் திறமையெல்லாம் துளியைப் பருக்கவிடாமல் காப்பதுதான்.

கப்பலின் தளத் தகட்டுக்கு அடியில் தாங்கு பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டும் கூடும் மூலையை மின்சாரத்தால் உருக்கி இணைப்பார்கள். தகட்டைப் புரட்டிப் போட இயலுமானால் புரட்டிக்கொள்வதே அறிவுடைமை. இயலாத இடத்தில்தான் இந்த வேலை பிறக்கிறது. 1904-இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் தம் தொழிலகத்தைத் தொடங்கிய ஆஸ்கர் ஷெல்பெர்க், பற்றவைப்புக் கம்பிக்கு மேற்பூச்சு இடும் முறையைக் கண்டார். பூச்சு எரிந்து எழும் வாயு, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. அதன் கசடு மேலே போர்வையாகப் படிகிறது.

இரும்பு ஏறத்தாழ 1500 டிகிரி சென்டிகிரேடில் உருகும். உருகியது கீழே கொட்டாதது ஏன்? பரப்பு இழுவிசை அதைப் பிடித்துக்கொள்கிறது. குழம்பு சிறிதாக இருக்கும்வரைதான் அந்தப் பிடி. ஆகவே கம்பியின் நுனி வேலைக்கு மிக அருகில் இருக்கட்டும். இடைவெளி கம்பியின் பருமனை மிஞ்சலாகாது. 3.15 மில்லிமீட்டர் கம்பிக்கு 100 ஆம்பியர் அளவில் தொடங்கலாம். விரைவில் முடிக்கலாம் என்று மின்னோட்டத்தை ஏற்றும் மாணவர்களை நான் பல முறை தடுத்திருக்கிறேன். ஏற்றினால் குழம்பு தொய்யும். தகட்டின் ஓரம் அரிந்து பள்ளமாகும். அகன்ற ஒரே வரியைவிட, கசடு நீக்கி அடுத்தடுத்து இடும் ஒடுங்கிய வரிகளே நல்லவை.

பொறிக்கு நேர் கீழே நிற்காதீர்கள். சற்று விலகி நில்லுங்கள். தோலாலான மேலாடையும் கையுறையும் வேண்டும். கழுத்துப் பொத்தானைப் பூட்டுங்கள். காற்சட்டையின் ஓரத்தை மடித்துவிடாதீர்கள், அந்த மடிப்பு பொறிக்குக் கூடு. காதை மறவாதீர்கள்: உள்ளே விழும் ஒரு பொறி செவிப்பறையைத் துளைத்துவிடும். முகமூடியின்றிப் பக்கத்தில் நின்று தகட்டைப் பிடிக்கும் எடுபிடிப் பையனின் நிலை இன்னும் கொடிது. அப்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, மணலைக் கொட்டியதுபோல் கண்கள் உறுத்தும். அவனுக்கும் முகமூடி கொடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே வீடு திரும்பலாகாது. சாக்கிலோ மரத்தூளிலோ விழுந்த பொறி நெடுநேரம் கனலும். ஒரு மணி நேரமாவது தண்ணீர் வாளியுடன் ஒருவர் அங்கே இருந்து பார்க்கட்டும்.