முத்திரை விழுந்த இடம்
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து பிறர் குற்றங்களைக் கேட்டே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்று முறை மாறட்டும். நாம் செய்த ஒரு குற்றத்தை நீங்கள் கேளுங்கள். அது ஒரு பிளாஸ்டிக் வாளியில், பத்துக் குழந்தைகளின் கண்முன்னே நடந்தது.

ஆம்பூர்ப் பக்கத்துப் பங்கு ஒன்றில் நாம் பொறுப்பேற்ற புதிதில், பெரியவர் ஒருவர் செருப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் நாற்பது ஆண்டு கடிதப் போக்குவரத்தைக் கவனித்தவர் அவர். இமெயிலும் ஃபேக்ஸும் வராத காலம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பலேறிப் போக, விலையும் குறையும் ஆர்டரும் தபாலில்தான் வரும். கடிதத்தைக் கோப்பில் போட்ட பிறகு, முதலாளி பாய் உறைகளை இவரிடமே கொடுத்துவிடுவாராம். இத்தாலி உறைகள் நிறைய. நம் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி போல அங்கும் தோல் ஊர்கள் உண்டு: தஸ்கனியில் சாந்தா குரோச்சே, வடக்கே ஆர்சிஞ்ஞானோ, தெற்கே சொலோஃப்ரா. இந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் வட்ட முத்திரையாக அந்தப் பெட்டிக்குள் இருந்தன.

“மறைக்கல்விப் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க சாமி” என்றார் பெரியவர். காட்டுங்க என்றுதான் சொன்னார். நாம் என்ன செய்தோம்? சிறுவயதில் அஞ்சல்தலை சேர்த்த அரைகுறை அறிவு நமக்கு உண்டு. உறையைக் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தலையை மட்டும் உரித்து, செய்தித்தாளில் காயவைத்து, ஆல்பத்தில் ஒட்டினால்தான் அது சேகரிப்பு என்று நினைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை மாலை வாளியில் தண்ணீர் பிடித்தோம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். உரிந்த தலைகள் அழகாக மிதந்தன. 1953-இல் தொடங்கிய வரிசையில் கோட்டை மகுடம் தரித்த பெண்முகம்; 1961 வரிசையில் சிஸ்டைன் சிற்றாலயத்து விதானத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய உருவங்கள்; 1980 வரிசையில் அரண்மனைகள், கோட்டைகள். ஈர உறைகளைக் குப்பைக்கூடையில் போட்டோம்.

மறு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெரியவர் வந்து ஆல்பத்தைப் புரட்டினார். ஒன்றும் பேசவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும், “ஊரையெல்லாம் தண்ணியில கரைச்சிட்டீங்களே சாமி” என்றார்.

பிறகு வராந்தாவில் உட்காரவைத்து நமக்குப் பாடம் எடுத்தார். இறையியல் படித்த நமக்கு அது தேவைப்பட்டது.

அஞ்சல்தலை என்பது அரசாங்கம் அச்சடித்த காகிதம். இலட்சக்கணக்கில் ஒன்றுபோலவே இருக்கும். அதன்மேல் விழும் முத்திரைதான் அதை ஒரு ஊருக்கும் ஒரு நாளுக்கும் சொந்தமாக்குகிறது. முத்திரையின் பாதி தலையின்மேல் விழும், மீதி உறையின்மேல். தலையை உரித்தால் ஊர்ப்பெயரில் பாதி போய்விடும். உறையின் பின்பக்கத்தில் நம் ஊர்த் தபாலகம் போட்ட முத்திரை இருந்தால், கடிதம் வர எத்தனை நாள் ஆனது என்பதும் தெரியும். அந்தப் பெட்டியில் சாந்தா குரோச்சேவிலிருந்து 1966 நவம்பர் 3 அன்று அனுப்பிய உறை ஒன்று இருந்ததாம். மறுநாள், நவம்பர் 4, ஆர்னோ ஆறு கரைபுரண்டு ஃபுளோரன்ஸ் நகரையே மூழ்கடித்தது. அந்த உறை சேற்றுக்கறையோடு, மை பரவி, டிசம்பர் நடுவில் ஆம்பூர் வந்தது. அதற்குள் ஆர்டர் நின்றுபோனது என்று நினைத்து இங்கே சிலரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கோ ஓடும் ஆற்றில் வெள்ளம். இங்கே சில வீடுகளில் அடுப்பு எரியவில்லை. உறையின் முன்னும் பின்னும் விழுந்த இரண்டு முத்திரைகளும் அந்தக் கறையும் மட்டுமே அதற்குச் சாட்சி. நாம் அதைக் கூடையில் போட்டிருந்தோம்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருந்தது. அதைச் சொல்வதற்குமுன் மேக்சிமம் கார்டு என்றால் என்ன என்று நீங்கள் அறிய வேண்டும்.

ஒரு படஅட்டை, அதன் படப்பக்கத்திலேயே, அதே பொருளைக் காட்டும் ஓர் அஞ்சல்தலை, அந்தத் தலைமேல், அந்தப் பொருளோடு தொடர்புள்ள ஊரின் முத்திரை. மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பொருள் ஒத்துப்போக வேண்டும், இடம் ஒத்துப்போக வேண்டும், காலமும் ஒத்துப்போக வேண்டும். தலை ஒன்றுதான் ஒட்டலாம். அட்டைப்படம் தலையையே பெரிதாக்கிய நகலாக இருக்கக்கூடாது. பெரியவர் நம் ஊரை வைத்தே விளக்கினார். 1806 ஜூலை 10 அன்று நடந்த வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டுக்கு 2006-இல் தலை வெளிவந்தது. வேலூர்க் கோட்டைப் பட அட்டையில் அதை ஒட்டி, வெளியான நாளன்றே வேலூர்த் தலைமைத் தபாலகத்தில் முத்திரை வாங்கியிருந்தால் அது மேக்சிமம் கார்டு. அதே அட்டைக்குச் சென்னை முத்திரை போட்டால் இடம் பொருந்தாது. 1984-இல் வந்த வேலூர்க் கோட்டைத் தலையை இன்று ஒட்டி இன்று முத்திரை வாங்கினால் காலம் பொருந்தாது. “அழகா இருக்கும் சாமி, ஆனா பொய்” என்றார்.

புனித தோமையாரைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் இன்றுவரை பதில் இல்லை. 1964 டிசம்பர் 2 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்தபோது, இந்திய அரசு தோமையாருக்குத் தலை வெளியிட்டது. அதில் உள்ள உருவம் மயிலாப்பூருடையது அல்ல. இத்தாலியில் ஒர்த்தோனா நகரப் பேராலயத்துச் சிலை அது. 1258-இல் திருத்தூதரின் திருப்பண்டங்கள் போய்ச் சேர்ந்ததாக நம்பப்படும் ஊர். மறைசாட்சியாக இறந்தது இங்கே, சிலை அங்கே, விழா பம்பாயில். “முத்திரையை எந்த ஊர்ல வாங்குவீங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். 1973 ஜூலை 3-இல் வந்த தலையில் சிக்கல் இல்லை. பரங்கிமலைச் சிலுவையே அதில் உள்ளது, மலையடியில் தபாலகமும் உள்ளது. அன்றைக்குச் சென்னை போய்வர வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் நாளாகிவிட்டது.

அன்பார்ந்தவர்களே, இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நமக்கு விசுவாச அறிக்கை நினைவுக்கு வந்தது. ஞாயிறுதோறும் அதைச் சொல்கிறோம். அதில் ஆண்டவர் இயேசுவையும் அன்னை மரியாவையும் தவிர இன்னொரு மனிதரின் பெயரும் வருகிறது. பிலாத்து! புனிதர் அல்ல, நல்லவரும் அல்ல. ஓர் உரோமை அதிகாரி. அவர் பெயர் அங்கே எதற்கு என்று குருமடத்தில் பேராசிரியர் கேட்டபோது நீளமாக ஏதோ எழுதி மதிப்பெண் வாங்கினோம். இப்போது கேட்டால், அது தபால் முத்திரை என்போம். நம் மீட்பு எங்கோ, எப்போதோ நடந்த கதை அல்ல. இன்ன நாட்டில், இன்ன ஆளுநர் காலத்தில் நடந்தது. லூக்கா நற்செய்தியாளரும் மூன்றாம் அதிகாரத்தைத் திபேரியு சீசர் ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு என்று முத்திரை குத்தித்தான் தொடங்குகிறார். உயிர்த்த ஆண்டவரோ காயங்களை அழித்துவிட்டு வரவில்லை. தோமா தேடியது அந்தத் தழும்புகளைத்தான். முத்திரை படாத புதுத்தலைக்கு மதிப்பு அதிகம் என்பவர் உண்டு. மேக்சிமம் கார்டு சேர்ப்பவருக்கு முத்திரை இல்லாத அட்டை வெறும் அட்டை.

தோல் வேலை செய்யும் நம் மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தோலைக் கையில் எடுத்ததுமே, மாடு எங்கே முள்ளில் கீறிக்கொண்டது, எங்கே உண்ணி கடித்தது என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தழும்புக்காக வாங்குபவர் விலையைக் குறைப்பார், அது வேறு விஷயம்.

இனி அந்தக் குற்றத்துக்கு வருவோம். பெரியவரின் தம்பி சலேசிய சபையில் துறவறச் சகோதரராகச் சேர்ந்து, இத்தாலியில் தூரின் நகருக்குப் போனவர். 1988 தொன் போஸ்கோ இறந்த நூறாம் ஆண்டு. இத்தாலி அவருக்குத் தலை வெளியிட்டது. மறு ஆண்டு நம் நாடும் வெளியிட்டது. அண்ணனின் ஆசையை அறிந்த தம்பி, தொன் போஸ்கோ கட்டிய சகாய அன்னை பேராலயத்தின் பட அட்டை ஒன்றை வாங்கி, படப்பக்கத்தில் அந்தத் தலையை ஒட்டி, தூரின் தபாலகத்தில் முத்திரை போடச் சொல்லி, பின்பக்கம் நாலு வரி எழுதி அனுப்பியிருந்தார். இடமும் காலமும் பொருந்திய அட்டை. ஏழு மாதத்தில் தம்பி அங்கேயே காலமானார், அடக்கமும் அங்கேயே. அந்த அட்டையும் வாளிக்குள் போனது.

தலை நம் ஆல்பத்தில் இருந்தது. அதன் ஓரத்தில் பிறைபோல முத்திரையின் துண்டு, அதில் மூன்றே எழுத்துகள். தேதி இல்லை. அட்டை எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மறு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் நாம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறார். “ஃபாதர், கோவில் படம் போட்ட அட்டைய நான் எடுத்துட்டுப் போயிட்டேன்” என்றாள், திருடியவள்போலத் தலைகுனிந்து. கூடையிலிருந்து எடுத்து, வீட்டு மாடியில் காயவைத்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறாள்.

அன்று மாலையே பெரியவர் வீட்டுக்கு அவளும் நாமும் போனோம். அட்டை நெளிந்திருந்தது. தபாலக முத்திரை மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையாது. தேதி தெளிவாகவே இருந்தது. தம்பி எழுதியது பேனா மை. பின்பக்கம் முழுக்க வெளிர்நீலக் கறைதான் மிச்சம். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இடுக்கியால் தலையை எடுத்து, பழைய இடத்தில் வைத்து, வட்டம் சேரும்வரை நகர்த்தினார். ஒரு மயிரிழை இடைவெளி நின்றுவிட்டது. தலை ஊறியதில் சற்றுச் சுருங்கியிருக்கலாம். இனி இதை எந்தக் கண்காட்சியிலும் ஏற்கமாட்டார்கள் என்று சிறுமியிடம் சொன்னார். பிறகு, அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு மூன்று மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வா, வாளி வேண்டாம் என்றார்.

கிளம்பும்போது நாம் அட்டையின் பின்பக்கத்தைக் காட்டி, தம்பி எழுதியது போய்விட்டதே என்று வருத்தப்பட்டோம்.

“அது எனக்கு மனப்பாடம் சாமி” என்றார்.